காது கேட்கிறதா என்பதிலிருந்து தொடங்குவோம்

"வணக்கம்ங்க டாக்டரம்மா. நாங்க பல்லடம் பக்கம் ஒரு கிராமத்துல இருக்கோம். வீட்டை ஒட்டியே தறிக்குடோன், சொந்தமா எட்டுத் தறி ஓடுது. பையனுக்கு இப்ப 2 வயசு 8 மாசம். ஒரு வயசுல 'அம்மா', 'தாத்தா', 'பூ'ன்னு அஞ்சாறு வார்த்தை சொன்னான். ஒன்றரை வயசுக்கு அப்புறம் அதுவும் நின்னு போச்சு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பறதே இல்லை. ஆனா ரெண்டு ரூம் தள்ளி போன்ல விளம்பரப் பாட்டு வந்தா ஓடி வர்றான். ஏதாச்சும் வேணும்னா என் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போறான். தறிக்கு நூல் சுத்தற தார்க்குச்சிகளை வரிசையா அடுக்கிக்கிட்டே இருப்பான், நடுவுல ஒண்ணை எடுத்துட்டா ஒரே அழுகை. எங்க வூட்டுக்காரரு எனக்குச் சொந்த அத்தை பையன். அத்தை, 'இவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான், சும்மா இரு'ங்கறாங்க. ஊசி போடற டாக்டரும் அஞ்சு வயசு வரைக்கும் பாக்கலாம்னுட்டாரு. நெட்டுல இருபது கேள்வி இருந்துச்சு, போட்டுப் பாத்தேன், 11 வந்துச்சு. பயந்து போயி ஒரு தெரபி சென்டருக்குக் கூட்டிட்டுப் போனோம். பத்து நிமிஷம் பாத்துட்டு ஆட்டிசம்னு சொல்லி ஆறு மாசப் பணத்தை முன்னாடியே கட்டச் சொன்னாங்க. நாத்தனா, 'நீ போனைக் குடுத்துத்தான் கெடுத்துட்டே'ங்கறா. அவளுக்கு இப்ப வரன் பாத்துட்டு இருக்கோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா வெளிய தெரிஞ்சுரும்னு வீட்டுல எல்லாருக்கும் பயம். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லைங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயது வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே காட்டுங்கள். பையனுக்கு இருப்பது இன்னதுதான் என்று பெயர் சொல்ல நாளாகலாம். ஆனால் அவனுக்குக் காது எப்படிக் கேட்கிறது, எந்தெந்த விஷயத்தில் வயதுக்குப் பின்னால் நிற்கிறான், எங்கே கை கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் இப்போதே தெரிந்துகொள்ளலாம். பெயர் தெரிந்த பிறகுதான் உதவி தொடங்க வேண்டும் என்றும் எந்த விதியும் இல்லை.

உங்கள் அத்தை சொல்வதை நான் ஒதுக்கவில்லை. தாமதமாகப் பேசும் குழந்தைகள் உண்டு, அது குடும்பத்தில் வருவதும் உண்டு. அப்படிப்பட்டவர்களில் பலர் மூன்று, நான்கு வயதுக்குள் மளமளவென்று பேசி மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். ஆனால் வெறுமனே பேச்சு மட்டும் தாமதமாகிற குழந்தையிடம் பேச்சைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். கூப்பிட்டால் திரும்புவான். "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் புரிந்துகொண்டு எடுத்து வருவான். பஸ் போனால் விரலை நீட்டிக் காட்டிவிட்டு, நீங்கள் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான். அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் எங்களுக்கு முக்கியம். அவனுக்கு அந்த பஸ் வேண்டாம், "நானும் நீயும் சேர்ந்து பார்ப்போம்" என்பதுதான் வேண்டும். வாயால் பேசுவதற்கு முன்பே குழந்தை விரலாலும் கண்ணாலும் இப்படிப் பேச ஆரம்பித்துவிடும்.

உங்கள் மகன் விரலை நீட்டாமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயருக்குத் திரும்புவதில்லை. அதோடு, வந்த வார்த்தைகள் போய்விட்டன. சாதாரணமாக ஒரு வயதையொட்டி ஒன்றிரண்டு வார்த்தை வரும், ஒன்றரை வயதுக்குள் விரல் நீட்டிக் காட்டுவது வந்துவிடும், இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தையைச் சேர்க்கும். இதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் வந்த பேச்சு நின்றுபோவது எந்த வயதில் நடந்தாலும் உடனே பார்க்க வேண்டிய அடையாளம். உங்கள் கடிதத்தில் வேறு எதுவுமே இல்லாமல் அந்த ஒரு வரி மட்டும் இருந்திருந்தாலும் நான் இதே பதிலைத்தான் எழுதியிருப்பேன்.

இதற்கிடையில் நம் ஊர்ப்பக்கம் இரண்டு யோசனைகள் தவறாமல் வரும். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொல்வார்கள். நாக்கு ஒட்டியிருக்கிறது, நறுக்கிவிட்டால் பேசிவிடுவான் என்பார்கள். நாக்கின் அடியில் உள்ள சவ்வு ஒட்டியிருந்தால் பால் குடிக்கச் சிரமப்படலாம், சில எழுத்துகள் தெளிவில்லாமல் வரலாம். அதனால் வார்த்தையே வராமல் போகாது, வந்த வார்த்தையும் நிற்காது. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? காதில். ஆட்டிசமா, அதாவது மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறு விதமாக இருக்கும் மூளை வளர்ச்சி நிலையா, இல்லையா என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டிய கேள்வி இது. தெரபி சென்டரில் பத்து நிமிடம் பார்த்தவர்கள் காது டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டார்களா? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் இது இன்னும் முக்கியம். எட்டுத் தறி ஓடுகிற வீட்டில் பெரியவர்களே ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். குழந்தை திரும்பவில்லை என்றால் "தறிச் சத்தத்துல எங்க கேட்டிருக்கும்" என்று எல்லோரும் விட்டுவிடுவீர்கள். நீங்கள் மட்டுமல்ல, சோமனூர், பல்லடம் பக்கமிருந்து என்னிடம் வரும் பெற்றோர் பலர் இதையே சொல்கிறார்கள். அதனால் ஒன்று செய்யுங்கள். தறி நிற்கும் நாளில், அல்லது கரண்ட் போன நேரத்தில், அவன் பின்னால் ஐந்தாறு அடி தள்ளி நின்று, அவன் கண்ணில் படாமல், சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வேறு வேறு நேரத்தில் நான்கைந்து முறை கூப்பிட்டுப் பார்த்து, எத்தனை முறை திரும்பினான் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இது டெஸ்ட்டுக்கு மாற்றாகாது. டாக்டரிடம் சொல்ல ஒரு தெளிவான தகவல், அவ்வளவுதான்.

போன் பாட்டுக்கு ஓடி வருகிறானே, அப்படியென்றால் காது நன்றாகத்தானே கேட்கிறது என்று கேட்பீர்கள். முழுதாக நம்ப முடியாது. சில குழந்தைகளுக்குத் தாழ்ந்த சுருதி நன்றாகக் கேட்கும், உச்ச சுருதி கேட்காது. அவர்களுக்கு லாரி சத்தம் கேட்கும், தட்டு விழுந்தால் திரும்புவார்கள், ஆனால் பேச்சில் 'ச' போன்ற மெல்லிய ஒலிகள் தப்பிவிடும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுச்செவியில் நீர் கட்டிக்கொண்டால் கேட்பது மாதத்துக்கு மாதம் மாறும். பிறந்தபோது மஞ்சள் காமாலை அதிகமாகி லைட்டில் வைத்திருந்தார்களா, குறைமாதப் பிரசவமா, இன்குபேட்டரில் இருந்தானா என்று கேட்பார்கள். சொந்தத்தில் கல்யாணமா என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் உங்களைக் குற்றம் சொல்லும் நோக்கம் எதுவும் கிடையாது. நெருங்கிய உறவில் மணம் செய்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், அதனால் கேட்கிறோம். தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

டெஸ்ட்டில் வலி ஏதும் கிடையாது. முதலில் காதுக்குள் அழுக்கோ நீரோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓ.ஏ.இ. என்று ஒன்று, காதில் சின்ன முனையை வைத்து சில நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். பெரா டெஸ்ட் என்பது தலையிலும் காதருகிலும் ஒட்டுப்போட்டு, ஒலிக்கு நரம்பும் மூளையும் பதில் தருகிறதா என்று பார்ப்பது. அதற்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். அதனால் முந்தின ராத்திரி கொஞ்சம் நேரம் கழித்துத் தூங்க வையுங்கள், காலையில் சீக்கிரம் எழுப்புங்கள், போகும் வழியில் பஸ்ஸிலோ காரிலோ தூங்கவிடாதீர்கள். இதைச் சொல்லாமல் விட்டதால் தூங்காத குழந்தையோடு மூன்று முறை அலைந்து வெறுத்துப்போய் டெஸ்ட்டையே கைவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அப்படியும் தூங்காவிட்டால் அங்கேயே டாக்டர் பார்த்துத் தூக்க மருந்து கொடுப்பார்கள். கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

நான் காதைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலைக்கு வந்த புதிதில், காங்கேயம் பக்கமிருந்து ஓர் அம்மா இரண்டு வயதுப் பெண் குழந்தையைக் கூட்டி வந்தார். பேச்சு வரவில்லை என்றார். குழந்தை சிரித்தாள், ஓடினாள், என் முகத்தைப் பார்த்தாள். நான் "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்மா" என்று அனுப்பிவிட்டேன். கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து அதே குழந்தை வந்தாள். இரண்டு காதும் பெருமளவு கேட்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தது உதட்டைப் படிப்பதற்காக. காது கேளாத குழந்தைக்குக் கருவியோ அறுவைச் சிகிச்சையோ எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்ல பேச்சு வரும். நம் மாநிலத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், அறுவை செய்து காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்துவதற்குக்கூட ஆறு வயது என்று ஒரு வரம்பு உண்டு. அந்தக் குழந்தையின் மூன்று வருடத்தை நான் வீணாக்கினேன். அன்றிலிருந்து பேச்சு வரவில்லை என்று வரும் எந்தக் குழந்தையையும் காது டெஸ்ட் எழுதாமல் நான் திருப்பி அனுப்புவதில்லை.

இனி எங்கே போவது என்பது. 2013இல் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்று ஒரு மத்தியத் திட்டம் தொடங்கியது. உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வண்டியில் டாக்டரும் நர்ஸும் வந்து குழந்தைகளைப் பார்க்கிறார்களே, அது இந்தத் திட்டம்தான். பிறந்தது முதல் 18 வயது வரை பிறவிக் குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கையும் பார்ப்பது அவர்கள் வேலை. அவர்கள் சந்தேகப்பட்டு அனுப்பும் குழந்தைகளைத் தீர விசாரிக்கத்தான் மாவட்டத்துக்கு ஒன்றாக ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால்தான் பலருக்குப் புரியும். அரசுத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும். குழந்தைகள் டாக்டர், காதும் பேச்சும் பார்ப்பவர், மனநல வல்லுநர், பிசியோதெரபி செய்பவர், சிறப்பு ஆசிரியர் என்று ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு. கட்டணம் கிடையாது.

நீங்கள் வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடி டீச்சரிடமோ கிராம சுகாதார நர்ஸிடமோ சொல்லிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டு இல்லாவிட்டாலும் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போய்க் குழந்தைகள் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டு, "பேசிட்டு இருந்த பையன் பேச்சு நின்னுருச்சு, டி.இ.ஐ.சி.ல பாக்கணும்" என்று சொல்லுங்கள். இந்த வரியை அப்படியே சொல்லுங்கள். "பையன் சரியாப் பேச மாட்டீங்கறான்" என்றால் டானிக் எழுதி அனுப்பிவிடக்கூடும். "பேச்சு நின்றுவிட்டது" என்றால் எந்தக் குழந்தைகள் டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார்.

தனியாரிடம் போக வசதியிருந்தால் கோயம்புத்தூரில் வளர்ச்சிக் குறைபாடுகளை மட்டுமே பார்க்கும் குழந்தை மருத்துவர்கள் இருக்கிறார்கள், பெரிய மருத்துவமனைகளில் தனிப் பிரிவும் இருக்கிறது. சில இடங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். அங்கே பெயரைப் பதிந்துவிட்டு அதற்குள் அரசு மருத்துவமனையில் காது டெஸ்ட்டை முடித்துக்கொள்ளலாம்.

போகும்போது என்ன கொண்டுபோவது? பிறந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள், தடுப்பூசி அட்டை. இவற்றைவிட முக்கியமானது உங்கள் போன். முதல் பிறந்தநாள், மொட்டை அடித்த நாள், யாராவது கல்யாணம், இப்படி அவன் பேசிக்கொண்டிருந்த காலத்து வீடியோ ஏதாவது உறவுக்காரர் போனில் நிச்சயம் இருக்கும். தேடிப் பிடியுங்கள். அப்போது பெயருக்குத் திரும்பினானா, முகத்தைப் பார்த்தானா, "பூ" என்றானா என்பதை டாக்டர் தன் கண்ணால் பார்ப்பார். நூறு கேள்வி கேட்டாலும் அந்தத் தெளிவு வராது. அதோடு இப்போது எடுத்த வீடியோவும் வேண்டும். அவன் தனியாக விளையாடும்போது, சாப்பிடும்போது, எதையாவது கேட்டு உங்களை இழுக்கும்போது, மற்ற குழந்தைகளோடு இருக்கும்போது, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் போதும். அவனைத் திருத்தாமல், "சொல்லு சாமி, அம்மா சொல்லு" என்று தூண்டாமல் எடுங்கள். ஆஸ்பத்திரி என்றால் கூட்டம், சத்தம், புது முகங்கள். அங்கே அவன் அழுதுகொண்டே இருந்தால் டாக்டருக்கு அவனுடைய அழுகை மட்டும்தான் தெரியும். காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். அவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொண்டுபோங்கள். கையில் இரண்டு தார்க்குச்சியும் கொடுத்துவிடுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

முறையான மதிப்பீடு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பல நேரம் இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள். ஒருவர் உங்களிடம் விரிவாகக் கேள்வி கேட்பார், அவனோடு தரையில் உட்கார்ந்து ஒருவர் விளையாடிப் பார்ப்பார். நம் நாட்டுக் குழந்தைகளுக்காகவே இரண்டு முதல் ஒன்பது வயது வரை ஆட்டிசம் பார்ப்பதற்கு இன்க்லென் என்ற மருத்துவ வல்லுநர் குழு உருவாக்கிய கேள்விமுறை இருக்கிறது. தானாகச் சாப்பிடுகிறானா, சட்டை கழற்றுகிறானா என்று அன்றாடத் திறமைகளை அளக்க வேறொரு அளவுகோல் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வர முடியும். ஸ்கேன் எடுத்தோ ரத்தம் பார்த்தோ ஆட்டிசம் உண்டா, இல்லையா என்று சொல்ல முடியாது. வலிப்பு வந்திருந்தாலோ வேறு அறிகுறி இருந்தாலோ மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் ஈ.ஈ.ஜி., மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். காரணம் சொல்லாமல் எழுதினால் எதற்காக என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நெட்டில் நீங்கள் போட்டுப் பார்த்த இருபது கேள்வி எம்-சாட் என்பதாக இருக்க வேண்டும். அது 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். எட்டும் அதற்கு மேலும் வந்தால் உடனே முழு மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்லும் தாள் அது, நோய் இன்னது என்று அது சொல்லாது. காது கேட்காத குழந்தைக்கும் அதில் நிறைய மார்க் வரும். ஆக அந்த 11ஐ நினைத்து ராத்திரி விழித்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அது ஒரு காரணம், அவ்வளவே.

அந்த தெரபி சென்டர் பற்றி. அவர்கள் சொன்னது கடைசியில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் சொன்ன விதம் சரியில்லை. எழுத்தில் ஒரு அறிக்கை இல்லாமல், காது பார்க்காமல், ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். மாதாமாதம் கட்டும் இடமாக, நீங்களும் உள்ளே உட்கார்ந்து பார்க்க விடும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள். முறையாகப் படித்தவர் அதற்குக் கோபப்பட மாட்டார், சுவரில் சட்டம் போட்டே மாட்டியிருப்பார். அப்புறம், யாராவது ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும், ஆக்சிஜன் அறையில் படுக்க வைத்தால் பேசிவிடுவான் என்று லட்சக்கணக்கில் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. தறியை விற்று அதற்குப் பணம் கட்டிய ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். அந்தப் பணம் ஏழெட்டு வருடத்துக்கு நல்ல பயிற்சி கொடுத்திருக்கும்.

நாத்தனார் சொன்ன போன் விஷயத்துக்கு வருகிறேன். தறி ஓடும் வீட்டில் வேலை எப்படி என்று எனக்குத் தெரியும். தார் சுற்ற வேண்டும், அறுந்த நூலை முடிய வேண்டும், நடுவில் சமையல், குழந்தை தறிப்பக்கம் போய்க் கையை விட்டுவிடக் கூடாது. போனைக் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைத்தால் அவனுக்கு ஆபத்து இல்லை. நீங்கள் அவனைக் காப்பாற்றத்தான் கொடுத்தீர்கள். உங்கள் மகனுக்கு ஆட்டிசம் இருந்தால் அது போன் கொடுத்ததால் வந்தது ஆகாது. அது கருவிலிருந்தே மூளை வளரும் விதத்தில் இருப்பது, அதில் பிறவிக் கூறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இதை நாத்தனாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஆனாலும் போனை நிறுத்தத்தான் வேண்டும். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பேச்சு நின்ற குழந்தைக்கு நான் அந்த ஒரு மணியும் வேண்டாம் என்பேன். போன் அவனிடம் எதையும் கேட்பதில்லை, அவன் பதிலுக்காகக் காத்திருப்பதும் இல்லை. மனிதர்கள் காத்திருப்பார்கள். ஒரு வாரம் அழுவான், உங்களுக்கும் கஷ்டமாக இருக்கும். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வீட்டில் யாராவது ஒருவர் தறி வேலையிலிருந்து விலகி அவனோடு இருக்க முடியுமா என்று பாருங்கள்.

வரன் பார்க்கும் வீட்டில் இது வெளியே தெரிந்துவிடுமே என்ற பயத்தைச் சின்ன விஷயமென்று நான் நினைக்கவில்லை. நம் ஊரில் ஒருவர் வீட்டு விஷயம் நாலு ஊருக்குப் போகும் வேகம் எனக்கும் தெரியும். ஆனால் மதிப்பீடு வேறு, சான்றிதழ் வேறு. மதிப்பீட்டு அறிக்கை உங்கள் கையில்தான் இருக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நீங்கள் விண்ணப்பித்தால்தான் வரும். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனதால் யாரும் உங்கள் மகன் பெயரில் முத்திரை குத்திவிட மாட்டார்கள். பிற்பாடு தேவை என்று டாக்டர் சொல்லி, நீங்களும் மனம் ஒப்பினால் வாங்கலாம். அப்போது உதவித்தொகை, பஸ் சலுகை, பரீட்சையில் கூடுதல் நேரம் என்று அது அவனுக்குப் பயன்படும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் பேச்சுக் குறைபாடும் காது கேளாமையும் உள்ள 21 வகைகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியும் அரசு அங்கீகரித்த பள்ளியும் அந்தக் காரணத்தைச் சொல்லி ஒரு குழந்தையை ஒதுக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

நாத்தனார் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வீட்டில் சொன்னால் ஒன்று கேளுங்கள். வரன் அமைய எத்தனை மாதம் ஆகும்? ஆறா, பன்னிரண்டா? ஏற்கெனவே ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. மூளை இவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்ளும் இந்தச் சில வருடங்களை அவனுக்குத் திருப்பித் தர யாராலும் முடியாது. ஜாதகத்துக்கு நாள் தள்ளலாம், இதற்குத் தள்ள முடியாது அம்மிணி.

முடிவு என்னவாக இருக்கும் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. காது கேளாமையாக இருக்கலாம், ஆட்டிசமாக இருக்கலாம், பேச்சு மட்டும் பின்தங்கியிருக்கலாம். இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மூன்று மாதம் பயிற்சி கொடுத்துவிட்டு மறுபடி பார்ப்போம் என்றும் சொல்லலாம். அதுவும் நேர்மையான பதில்தான். அந்த மூன்று மாதத்தில் என்ன பயிற்சி, யார் தருவார், வீட்டில் நாங்கள் என்ன செய்வது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். "சும்மா பார்ப்போம்" என்று மட்டும் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் போங்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. காலையும் மாலையும் தறிச் சத்தம் எட்டாத இடத்தில், திண்ணையிலோ தோட்டத்திலோ, அரை மணி நேரம் அவன் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். அவன் தார்க்குச்சி அடுக்கினால் பறிக்காதீர்கள். நீங்களும் ஒன்றை எடுத்து அவன் வரிசையில் வையுங்கள், அவன் எடுத்தெறிந்தாலும் பரவாயில்லை, மறுபடி வையுங்கள். ஒவ்வொன்றாக நீங்கள் எடுத்துக் கொடுக்கும்படி கூடையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் கையை நீட்டும்போது "குச்சி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருந்து கொடுங்கள். ஒரு கண் பார்வை வந்தாலும் அது பேச்சுத்தான், உடனே கொடுத்துவிடுங்கள். "இது என்ன, அது என்ன" என்று கேள்வி கேட்டுத் துளைக்காதீர்கள். அத்தைக்கு உள்ளங்கையில் விரலை நடக்க விட்டு அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு தெரிந்திருக்கும். அதைத் தினமும் விளையாடச் சொல்லுங்கள். விரல் மேலே ஏறும் முன் ஒரு கணம் நிறுத்தி, அவன் அத்தை முகத்தைப் பார்க்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் வாதாடி அவரை ஜெயிக்க வேண்டியதில்லை. உங்கள் கணவர் எந்த வயதில் பேசினார், அதற்கு முன் கூப்பிட்டால் திரும்பினாரா, விரலை நீட்டிக் காட்டினாரா, குடும்பத்தில் வேறு யாருக்காவது காது மந்தமா என்று டாக்டர் கேட்பார். இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். "இவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்பதை அவர் வாயாலேயே அங்கே சொல்லட்டும். நானாக இருந்தால் கேஸ் தாளில் அதைத்தான் முதல் வரியாக எழுதிக்கொள்வேன்.